பழைய கார் வாங்கி ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி: சென்னையில் புதிதாக இறங்குபவர்களுக்கு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிறதா, புகை வருகிறதா, சத்தம் எப்படி இருக்கிறது என்று. இதெல்லாம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் கடைசியில். ஒரு பத்மினி இன்ஜினையோ அம்பாசடர் இன்ஜினையோ இறக்கி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி ஏற்ற இன்றைக்கும் இந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள், லேத் இருக்கிறது, பொருளும் தேடினால் கிடைக்கிறது. பணத்தையும் வருஷக்கணக்கில் நேரத்தையும் தின்பது அரித்துப்போன தகரமும் குளறுபடியான ஆர்.சி.யும்தான். அதனால் வாங்கும்போது பார்க்க வேண்டிய வரிசை: முதலில் பேப்பர், அப்புறம் பாடி, கடைசியில் இன்ஜின். வாங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலையின் வரிசை: வண்டி முதலில் பிரேக் பிடித்து ஒழுங்காக நிற்க வேண்டும், அப்புறம் ஒழுங்காக ஓட வேண்டும், பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

எந்த வண்டி

முதல் வண்டி என்றால் பிரீமியர் பத்மினி, இல்லையென்றால் அம்பாசடர். பத்மினி உற்பத்தி 2000 வாக்கிலும் அம்பாசடர் 2014-லும்தான் நின்றது, அதனால் கை பழகிய மெக்கானிக்குகள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். பத்மினிக்கு 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், நகரத்துக்குள் கைக்கு அடக்கமான வண்டி. அம்பாசடர் கனமானது, பழைய பெட்ரோல் இன்ஜின் 1489 சிசி, முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், எந்தக் குழிக்கும் அசராது.

மூன்றாவதாக ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மெட்ராஸ்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பாசம் உண்டு, காரணம் அது இங்கேயே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் 1960-களில் செய்த வண்டி. நான்கு கதவு ஹெரால்டை இந்தியாவில் மட்டும்தான் செய்தார்கள். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும், டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். ஆனால் உள்ளூரில் பொருள் கிடைப்பது சிரமம், பலவற்றை இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டுக்குச் செய்பவர்களிடமிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் டிரனியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டி கியர் ஆயில்தான் விட வேண்டும். விடாமல் பல வருஷம் ஓட்டினால் அது முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். இதை விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் வண்டியை நன்றாக வைத்திருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம்.

வாங்குவதற்கு முன்னால் பல வண்டிகளைக் கண்ணால் பாருங்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கண்காட்சிக்குப் போனால் வண்டி வைத்திருப்பவர்களே பக்கத்தில் நிற்பார்கள், தயங்காமல் கேட்கலாம், மணிக்கணக்கில் சொல்வார்கள். கோயம்புத்தூர் போனால் ஜி.டி. கார் மியூசியத்தையும் விடாதீர்கள்.

பேப்பர்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஆர்.சி. புக்கின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எம்எஸ், எம்டி, டிஎம் என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் எண் வண்டிகளின் விவரம் பல நேரம் கணினியில் ஏறியிருக்காது. அப்படியென்றால் ஆர்டிஓ அலுவலகத்தின் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும். அந்த வேலையை விற்பவர் முடித்துத் தரட்டும், முழுப் பணம் அதற்குப் பிறகு. பணம் கை மாறிய பிறகு யாருக்கும் அந்த அவசரம் இருக்காது.

சென்னையில் வரும் நல்ல பழைய வண்டிகளில் பல, தாத்தாவோ மாமனாரோ வைத்திருந்து, அவர் காலமான பிறகு ஷெட்டில் நின்றவை. ஆர்.சி. இன்னும் அவர் பேரிலேயே இருக்கும். அப்போது படிவம் 31 மூலம் வாரிசு ஒருவர் பேருக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். அமெரிக்காவில் ஒரு மகன், பெங்களூரில் ஒரு மகள் என்றால் இதற்கே மாதங்கள் ஓடும். "பேப்பர் எல்லாம் பாத்துக்கலாம் சார், வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். எடுத்துட்டுப் போகாதீர்கள்.

சாதாரணமாகப் பேர் மாற்ற படிவம் 29, 30. வேறு அலுவலகத்திலோ வேறு மாநிலத்திலோ பதிவான வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால் படிவம் 35-ம் கடன் கொடுத்தவரின் கடிதமும். கடன் கொடுத்த நிறுவனமே எப்போதோ மூடிப்போயிருக்கலாம், அதனால் இந்தப் பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள்.

15 ஆண்டு முடிந்த சொந்தக் காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை 2025-இல் ஏற்றிவிட்டார்கள். புதுப்பிக்காமல் எத்தனை வருஷம் விட்டிருக்கிறார்கள், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

விண்டேஜ் எண் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதற்குத் தகுதி. மாநிலக் குறியீட்டுக்குப் பின்னால் விஏ என்ற எழுத்து வரும் எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த எண்ணோடு தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, சர்வீஸ் போன்றவற்றுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம், வாரநாளில் கடைத்தெரு என்று ஓட்டுகிற எண்ணம் இருந்தால் வழக்கமான பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதுதான் சரி.

கடைசியாக, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அழுக்கைத் துடைத்து, மேலே சாக்பீஸ் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். பெட்ரோல் வண்டியாக இருந்ததற்கு ஒரு காலத்தில் டீசல் இன்ஜின் மாற்றியவர்கள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

பாடி

பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். கழுவி ஈரமாக நிற்கும் வண்டி எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும். கையில் ஒரு சின்னக் காந்தம், மெல்லிய துணி, டார்ச், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் போதும். காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டு வளைவு, கதவின் கீழ்ப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை ஆகியவற்றில் வைத்துக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டிதான் இருக்கிறது. ஓர் இடத்தில் கொஞ்சம் பட்டி இருப்பது சகஜம். கதவின் கீழ்ப்பகுதி முழுக்க ஒட்டவில்லை என்றால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்தது தரை. மேட்டைச் சும்மா தூக்கிப் பார்த்துவிட்டு விடாதீர்கள், அதற்கடியில் தார் ஷீட் ஒட்டியிருப்பார்கள். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் அந்த ஷீட்டின் ஓரத்தைக் கொஞ்சம் உரிக்க அனுமதி கேளுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று சொல்லும், அரித்த தகரம் மந்தமாகச் சத்தம் தரும், அழுத்தினால் பொருபொருவென்று பழுப்புத் தூளாக உதிரும். அப்புறம் டிக்கி தரை, ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பேட்டரி தட்டு, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் வண்டியின் பலம். ஸ்பிரிங் மாட்டும் இடமும் கதவுக்கடிப் பட்டையும் அரித்திருந்தால் வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று அர்த்தம். கதவைப் பாதி திறந்து கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். கதவு ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம், அது சின்ன வேலை. கீலோடு சேர்ந்து தூணே அசைந்தால் அது பெரிய வேலை.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் வெளியில் நின்ற வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம், உப்புக்காற்று குரோமியத்தையும் பிரேக் பைப்பையும் ஒரே மாதிரி தின்னும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கியதா என்பதையும் பாருங்கள். ஹெட்லைட் கிண்ணத்துக்குள், பின்சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அந்த இடங்களில் கொஞ்சம் மிஞ்சும்.

இன்ஜின்

போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மை தெரியும். ஆயில் மூடிக்கு உள்ளே வெள்ளையாகப் பாலாடை போல இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் வரும் நீலப் புகை நிற்காமல் தொடர்ந்தால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. இரண்டாவது கியரில் வேகம் எடுத்து ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பாருங்கள், கியர் தானாக வெளியே குதிக்கிறதா என்று. இன்ஜினே ஓடவில்லை, ஆனால் பாடியும் பேப்பரும் சுத்தம் என்றால் நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன், இன்ஜின் இல்லாத விலையில்.

விலை பேசும்போது, வாங்கும் தொகைக்குக் குறையாத இன்னொரு தொகை, பின்னால் வரும் வேலைகளுக்காகக் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு: முதலில் பிரேக்

பல வருஷம் நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், தட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். பழைய பிரேக்கில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கும் போச்சு, மிதி தரை வரைக்கும் போகும். அண்ணா சாலை சிக்னலில் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

வேலை இப்படி. வண்டியைக் கெட்டியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஏர் வைத்து ஊதக் கூடாது, வாயாலும் ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஈரம் என்றால் ஒழுகுகிறது. பிஸ்டனை வெளியே எடுத்து உட்சுவரை விரல் நுனியால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் புது ரப்பர் கிட் போட்டால் போதும், விரலில் குழி தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், புது ரப்பர் அந்தக் குழியில் உரசி சீக்கிரமே கிழியும். மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே பரிசோதனை. மூன்று ரப்பர் ஹோஸ்களையும் யோசிக்காமல் மாற்றுங்கள். அவை வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கி அடைத்திருக்கும், அப்போது பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது. இரும்புப் பைப்பில் துரு இருந்தால் புதிதாக வளைத்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம் புது பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்துக்கொண்டே வாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், நம்மூர் ஈரக்காற்றுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

டயரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அந்த இலக்கமே இல்லையென்றால் டயர் மிகப் பழையது.

முதல் ஸ்டார்ட்

நின்ற இன்ஜினுக்கு நேராக செல்ஃப் அடிக்கக் கூடாது. பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். அடுத்த நாள் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் பலவந்தம் வேண்டாம், இன்னும் ஊறட்டும். சுலபமாகச் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், மாற்றி மாட்டினால் டைனமோ சார்ஜிங் கெட்டுவிடும். டைனமோ, செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர் வேலைக்குச் சென்னையில் அனுபவசாலிகளுக்குக் குறைவில்லை. 1960-களிலிருந்து பாடி என்ற பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை இவற்றைச் செய்து வந்த ஊர் இது. காண்டாக்ட் பாயிண்டைத் தேய்த்து 0.4 மி.மீ. வாக்கில் இடைவெளி வைத்து, கண்டென்சரைப் புதிதாக மாற்றினால் பாதி ஸ்டார்டிங் டிரபுள் அத்தோடு தீரும்.

பழைய டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்க விடாதீர்கள். டேங்கை இறக்கிக் கழுவும் வரை தனி கேனிலிருந்து ஹோஸ் போட்டு ஓட்டுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் காய்ந்த பெட்ரோல் பழுப்பாக, வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கும். பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள ஜெட்டைக் கழற்றிக் கார்ப் கிளீனரில் ஊறவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதானால் வண்டி பெட்ரோல் குடிக்கும்.

பெட்ரோல், சூடு

இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கட் எதுவும் இதற்குச் செய்தவை அல்ல. ஹோஸ் உள்ளிருந்து கரைந்து கறுப்புத் தூளாகி ஜெட்டை அடைக்கும், வெடித்து ஒழுகினால் கீழே சூடான இன்ஜின். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் போடுங்கள், வண்டியில் தீயணைப்பான் ஒன்று வையுங்கள். எத்தனால் ஈரம் இழுக்கும் என்பதால் டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். 2000-லிருந்து நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான், அம்பாசடரின் பழைய இன்ஜினில் வால்வ் சீட் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டியது, அதனால் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால் மெல்லத் தேயும். நகரத்துக்குள் பயமில்லை. எப்போதாவது ஹெட் கழற்றும்போது லேத்தில் கடின சீட் பதிக்கச் சொல்லிவிடுங்கள்.

மே மாத வெயிலில், டிராஃபிக்கில் வண்டி கொதிப்பதற்கு முக்கியக் காரணம் ரேடியேட்டரில் வருஷக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீர். நம் உப்புத் தண்ணீரின் படிவு குழாய்களை அடைத்திருக்கும். ரேடியேட்டர் கடையில் கழற்றி ராட் அடித்துச் சுத்தம் செய்து, இன்ஜின் பிளாக்கையும் கழுவி, அப்புறம் கூலண்ட் மட்டும் ஊற்றுங்கள். சூட்டில் திடீரென்று நின்று, ஆறினால் மறுபடி ஓடினால் அது வேப்பர் லாக்காக, அதாவது பெட்ரோல் சூட்டில் ஆவியாகிப் பைப்பை அடைப்பதாக, இருக்கலாம். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் அப்போதைக்குக் கிளம்பிவிடும். நிரந்தரத் தீர்வு, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி வைப்பது.

புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும்

புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. இரண்டு இடத்துக்கும் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டிப் பேரும் வருஷமும் மட்டும் சொன்னால் பத்தாது, ஒரே மாடலில் இரண்டு விதக் கிளட்ச் பிளேட் வந்திருக்கும். கவுண்டரில் வைத்து பல் எண்ணி, அளவு பார்த்து வாங்குங்கள். காலையில் போனால் கடைக்காரருக்கு உள்ளே தேடிப் பார்க்கப் பொறுமை இருக்கும். புதுப்பேட்டையில் கதவுக் கைப்பிடி, லைட் கிண்ணம், கண்ணாடி, பம்பர், மீட்டர், டிரம் வாங்கலாம். பிரேக் சிலிண்டர், ஸ்டியரிங் பாகம், ஹோஸ் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. இன்ஜினோ கியர்பாக்ஸோ வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள், இன்ஜின் எண் எழுதியிருக்கட்டும். இல்லையென்றால் அது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

டிங்கரிங், பெயிண்ட்

வண்டி ஆயிரம் கிலோமீட்டராவது ஓடட்டும், அப்புறம் பெயிண்ட். முதலில் அடித்துவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு வேலைக்கும் யாரோ ஒருவர் ஸ்பேனரால் அதைக் கீறுவார். டிங்கரிடம், அரித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வெல்டு செய்ய வேண்டும், மேலே ஒட்டு வைத்துப் பட்டி போடக் கூடாது என்று வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். பட்டி போடும் முன் வெறும் தகரத்தை நீங்களே நேரில் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கழற்றும் குரோமியம், பீடிங், பேட்ஜ் எல்லாவற்றையும் எண்ணி, பையில் போட்டு, பேர் எழுதி உங்கள் வீட்டில் வையுங்கள். ஷெட்டில் வைத்தால் தொலையும், தொலைந்த பீடிங் கிளிப்புக்கு மறுபடி புதுப்பேட்டை அலைய வேண்டும். வண்டியை மொத்தமாகக் கழற்றிப் போடுவதற்குச் சம்மதிக்காதீர்கள், இந்த ஊரில் பல நல்ல வண்டிகள் அப்படித்தான் சாக்குமூட்டைகளில் முடிந்தன. ஒரு பகுதி முடிந்து மாட்டிய பிறகு அடுத்த பகுதி.

பெயிண்ட் வேலையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடுக்காதீர்கள். காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் மங்கலாகப் பூக்கும், அடியில் துருவும் பிடிக்கும். பொங்கல் முடிந்து கொடுத்தால் ஏப்ரலுக்குள் வாங்கிவிடலாம். வாங்கியதும் கதவுகளுக்கு உள்ளேயும் தரைக்கு அடியிலும் மெழுகு வகைத் துருத் தடுப்பு அடித்துவிட்டு, கதவின் கீழே இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளைப் பெயிண்டர் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள்.